கலங்கல் நீரும் துணித் திரையும்

புனே நகருக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான ரஞ்சன்காவ் இருக்கின்றது. அங்குள்ள தொழிற்சாலைகளை நாடிக் குடியேறிய நம்மவர்க்கு மழைக்காலத்தில் நேரக்கூடிய தொல்லைகளுள் ஒன்று, குடிநீரில் வரும் கலங்கல். குழாய் வாயில் துணியைக் கட்டுவது நாம் அறிந்த வழக்கம். அத்துணி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெளிந்துகொள்வது உடல்நலத்துக்கு இன்றியமையாதது.

பல மடிப்பாக மடித்த பழம்புடவை, ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள்களைத் தடுத்துவிடும். வங்கதேசத்து மத்லாப் வட்டாரத்தில், 65 கிராமங்களை உட்படுத்தி, ரீட்டா கால்வெல் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இம்முறையைச் சோதித்தனர். 2003-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, புடவையால் நீரை வடித்த கிராமங்களில் காலரா நோய் 48 விழுக்காடு குறைந்தது. அந்நோய்க் கிருமிகள் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பற்றிக்கொண்டிருப்பதால், அவற்றுடன் சேர்ந்து துணியில் சிக்கிக்கொண்டன.

ஆயினும் தக்காணத்துக் கரிசல் மண்ணின் தன்மை வேறு. அதிலுள்ள களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை. துணியின் கண்களில் எளிதாக நுழைந்துவிடும். அவற்றைப் பிரிக்க வல்லது நீரின் அசையா நிலையே. 0.1 மில்லிமீட்டர் மணல், அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டு நிமிடத்துக்குள் கடந்து அடியில் படியும். 0.002 மில்லிமீட்டர் துகளுக்கோ மூன்று நாட்களுக்கு மேல் வேண்டும்!

பொறியியலார் கையாளும் வண்டல் திரையின் அடிப்படையும் இதுவே. ஆற்றிலோ துறைமுகத்திலோ தூர் வாரும்போது, கலங்கல் பரவி மீன்களின் செவுள்களை அடைக்காதிருக்கவும், நீர்த்தாவரங்களுக்கு ஒளி குன்றாதிருக்கவும், வேலை நடக்குமிடத்தைச் சூழ நீண்ட துணித் திரையைக் கட்டுவர். மேல் விளிம்பில் மிதவைகள், கீழ் விளிம்பில் கனத்த சங்கிலி. காண்போர் இதனை வடிகட்டி என்றே எண்ணுவர். உண்மையில் இது ஓட்டத்தை அடக்கும் மதில். உள்ளே நீர் ஓய்வடைய, துகள்கள் மெல்லப் படிகின்றன. திரையின் அடி தரையைத் தொடலாகாது. தொட்டால், படியும் சேறு அதனைக் கீழே இழுத்துவிடும். ஓட்டம் விநாடிக்கு அரை மீட்டரை மிஞ்சினால், திரை புடைத்து மேலெழும்பிப் பயனற்றுப்போகும்.

வீட்டிலும் இம்முறையையே பின்பற்றுவோமாக. முதலில் துணியால் வடிகட்டுக. பின்னர்ச் சிறிது படிகாரம் இட்டுக் கலக்கி, பாத்திரத்தை அசையாமல் வைத்திடுக. துகள்கள் ஒன்றுகூடிக் கனத்து விரைவில் படியும். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதற்காகவே. தெளிந்த மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்க.

அத்துடன் நின்றுவிடலாகாது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கலங்கல் நீரில் குளோரின் மருந்தின் வலிமை குன்றும். ஆதலால் தெளிவித்த பிறகே மருந்திடல் வேண்டும், அல்லது நன்கு கொதிக்கவைத்தல் வேண்டும். வடித்த துணியையும் ஒவ்வொரு முறையும் அலசி வெயிலில் உலர்த்துக. துணி மண்ணைக் குறைக்கும். கிருமியை ஒழிப்பது நெருப்பும் மருந்துமே.