பாதம் கழுவிய தலைவர்

இயேசு தம் சீடர்களோடு உண்ட இறுதி இராவுணவு, யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் விவரிக்கப்படுகிறது. அவர் பந்தியிலிருந்து எழுந்து, மேலுடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார். புழுதித் தெருக்களில் மக்கள் நடந்து வந்த அக்காலத்தில், அது வீட்டுப் பணியாளர் செய்யும் வேலை. ஆண்டவர் என்று அழைக்கப்பட்டவர் அதனைத் தாமே செய்து, சீடர்களும் ஒருவருக்கொருவர் அவ்வாறே செய்யுமாறு பணித்தார். பணிவிடையே தலைமையின் அடையாளம் என்னும் கிறிஸ்தவ நெறிக்கு இந்நிகழ்வு சான்றாக நிற்கிறது.

இன்றும் பெரிய வியாழனன்று பல திருச்சபைகளில் பாதம் கழுவும் சடங்கு நடைபெறுகிறது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையிலுள்ள சிறார் சிறைக்கே சென்று, அங்கிருந்த பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இசுலாமியரும் இருந்தனர்.

இந்நெறி மருத்துவத்திலும் பலன் தந்துள்ளது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், பிறர் அணுகவே அஞ்சிய தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் தொட்டு ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்புகள் பழுதுற்று வலியுணர்வு மறைவதால், அறியாமல் படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். நீண்டகால நீரிழிவு உடையோர் பலருக்கும் கால்களில் இத்தகைய உணர்விழப்பு நேர்கிறது.

அந்த இரவில் பேதுரு, தம் கால்களை ஆண்டவர் கழுவலாகாது என்று முதலில் மறுத்தார். அதே தயக்கத்தை மருத்துவர்களாகிய நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். "ஐயோ, நீங்கள் என் காலைத் தொடுவதா!" என்று பெரியவர்கள் காலை இழுத்துக்கொள்கிறார்கள். மருமகளுக்கு ஏன் தொல்லை என்று புண்ணைத் துணியால் மூடி மறைப்பவர்களும் உண்டு. அவ்வாறு மறைத்த சிறு புண், எலும்புவரை சீழ் பரவிய பின் வெளிப்பட்டு, விரலையோ காலையோ அகற்ற நேர்வதுண்டு. இயேசுவோ பேதுருவின் மறுப்பை ஏற்கவில்லை. கழுவ இடங்கொடாவிடில் தம்மோடு அவருக்குப் பங்கில்லை என்றார். பணிவிடை செய்வதற்கு மட்டுமன்றி, அதனை ஏற்றுக்கொள்வதற்கும் பணிவு வேண்டும்.

உடனிருந்து பராமரிப்போர், நீரின் சூட்டைத் தம் கையால் சோதித்த பின்னரே நோயாளியின் கால்களைக் கழுவவேண்டும். விரலிடுக்குகளில் ஈரமின்றித் துடைத்து, உள்ளங்காலையும் நாள்தோறும் பார்க்கவேண்டும். காலாணியைப் பிளேடால் வெட்டலாகாது. புண், வீக்கம், நிறமாற்றம் இவற்றுள் எது தென்பட்டாலும், வலி இல்லையென்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வருக.

எச்சமயத்தினராயினும், உங்கள் கால்களைக் காட்டக் கூச்சப்படவேண்டா. அவற்றைத் தொட்டுப் பார்ப்பது எங்கள் பணி.