நமக்கென்று ஒரு கழகம்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குச் செல்லும் வழியில் ஒரு தோட்டப் பாடசாலை மைதானம் உண்டு. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். ஒரு புறம் சரிவு. மறுபுறம் மிளகுக்கொடி படர்ந்த வேலி. பந்து சரிவில் உருண்டுவிட்டால், ஒருவன் பள்ளத்தில் இறங்கி எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்பும் மாலை வேளைகளில் அங்கே போய் அமர்வது என் வழக்கம். ஒரு நாள், பந்தெடுத்து மூச்சிரைக்கத் திரும்பிய பையன் ஒருவன் கேட்டான்: "சேர், கொழும்புல எத்தனையோ கிளப் இருக்கு. நமக்குன்னு ஒண்ணு இல்லையா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வெள்ளையரோடு இந்நாட்டுக்கு வந்த விளையாட்டு உதைபந்தாட்டம். 1939இல் இதற்கென நாடளாவிய சங்கம் தோன்றியது; 1952இல் அது உலக அமைப்பான ஃபீபாவில் சேர்ந்தது. கழகங்களோ மக்கள் கூடி வாழும் இடங்களிலேயே முளைத்தன. கொழும்பு கொம்பனித்தெருவில் உள்ள ஒரு வீதியின் பெயரையே 'ஜாவா லேன்' கழகம் தாங்கி நிற்கிறது. கொட்டாஞ்சேனையின் 'ரட்ணம்' கழகம் நாட்டின் லீக் பட்டத்தை ஒருமுறைக்கு மேல் வென்றது. தெருவும் அக்கம்பக்கத்தாருமே இக்கழகங்களின் முதற் செல்வம்.

2021ஆம் ஆண்டில், நாட்டின் முதலாவது தொழில்முறைப் போட்டி என்ற அறிவிப்போடு 'சுப்பர் லீக்' ஆரம்பமாயிற்று. பத்துக் கழகங்கள் களமிறங்கின. அவற்றுள் மலையகத்துக்கு உரியது ஒன்றே: நாவலப்பிட்டியின் 'அப் கன்ட்ரி லயன்ஸ்'. மாத்தளை மாவட்டத்தின் பெயரால் ஒரு கழகமும் இல்லை. களுத்துறையின் 'புளூ ஸ்டார்' பட்டத்தை வென்று, ஆசியக் கழகங்களின் போட்டிக்காக மறு ஆண்டு கல்கத்தா சென்றது.

1889இல் தோன்றிய மோகன் பகான் கழகமே அங்கே அதன் எதிரி. அக்கழகத்தின் பெருமை கிண்ணங்களின் எண்ணிக்கையால் மட்டும் வந்ததன்று. 1911 ஜூலை 29ஆம் நாள், இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யோர்க்‌ஷயர் படையணியின் குழுவை அது எதிர்த்தது. பதினொருவருள் ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். ஏனைய பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். முதற் கோலை வெள்ளையர் போட்டனர். தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். ஆளுவோரை ஆளப்படுவோர் ஒரு திடலிலேனும் வெல்லலாம் என்பதை அன்று ஒரு நகரமே கண்டது. நூறாண்டு கடந்தும் அக்கழகத்தை மக்கள் கைவிடாமைக்கு அந்த நாளே முதற் காரணம் என்பேன்.

அத்தகைய கழகத்தோடு 2022 ஏப்ரல் 12ஆம் நாள் நம் நாட்டு வீரர்கள் மோதினர். ஐந்துக்குப் பூச்சியம் எனத் தோற்றனர். அதே நாளில்தான் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எரிபொருள் வரிசையும் நெடுநேர மின்வெட்டும் நிறைந்த ஒரு தீவிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் அவர்கள். அந்தத் தோல்வியை இகழ எனக்கு மனம் வரவில்லை. அடுத்த இடியும் விரைவில் விழுந்தது. சம்மேளனத்தின் நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டென்று கூறி 2023 ஜனவரியில் ஃபீபா இலங்கையைத் தடை செய்தது. ஆகஸ்டிலேயே தடை நீங்கியது. ஆடியவர் செய்த பிழை அதில் யாது?

இனி நம் பையனின் கேள்விக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே வெறுங்காலோடு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த வாயில் இந்த மாத்தளைதான். வழியில் மாண்டோர் பலர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியும். ஓடுவதற்குச் சமதரைதான் இல்லை. தோட்ட நிலம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிருவாகத்தில் இருக்கின்றன. ஒரு சரிவை வெட்டிச் சமப்படுத்தவும் பிறர் அனுமதிக்குக் காத்து நிற்க வேண்டும். திறமைக் குறைவால் நமக்குக் கழகம் இல்லாமற் போகவில்லை. காலூன்ற நமக்கென்று ஓர் இடம் இல்லாமையே காரணம்.

மறுநாள் அந்தப் பையனிடம் சொன்னேன்: "தம்பி, கிளப் மேலேயிருந்து வாறதில்ல. முதல்ல ஒரு மைதானம் வேணும். அப்புறம் கிழமைக்கு ஒரு மேட்ச். தோத்தாலும் வந்து நிக்கிறதுக்கு நம்ம சனம் வேணும்."

"சனம் வரும் சேர்," என்றான் அவன், ஐயமின்றி.

நானும் அதை நம்புகிறேன். முத்துமாரியம்மன் திருவிழாவில் ஐந்து தேர்களை இழுக்கத் திரளும் ஊர் இது. அந்தக் கைகளுள் சில, தோட்டத்துக்கு ஒரு மைதானம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டாற் போதும். நான் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் ஒப்பம் என்னுடையது; இரண்டாவதாக, கோணல்மாணலான எழுத்தில், பந்தெடுக்கப் பள்ளத்தில் இறங்கிய அந்தப் பையனின் தந்தை ஒப்பமிட்டிருக்கிறார்.