தரகர் வழி வந்த மின்சார ஒப்பந்தம்



தரகு என்பது நம் பகுதி மக்களுக்குப் புதிய சொல் அன்று. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் ஏலக்காய் ஏலத்தில், விற்றுத் தருபவருக்கு உரிமம் உண்டு. அவர் பெறும் கமிஷன் இன்னது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். பட்டியலிலும் அது கண்ணுக்குப் படும்படி கழிக்கப்படுகிறது. ஆகவே அங்கே தரகரால் நன்மையே அன்றித் தீமை இல்லை. அண்மைக் காலத்தில் மின்சாரத்துக்கும் தரகர் வந்திருக்கின்றனர். அவர்களுள் நேர்மையாளர் பலர் உளர். ஆயினும், அவர் பெறும் கூலி எங்கே அடங்கியிருக்கிறது என்பது தெரியாமலே பத்தாண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் விடுபட வழி தேடுவோரும் உளர். அத்தகையோர் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இத்தகைய ஒப்பந்தம் எப்படித் தோன்றுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கடைக்காரருக்கும் சிறு மாவு ஆலைக்காரருக்கும் தாழ்வழுத்த இணைப்பு. அவர்களுக்கு மின்சாரம் வழங்குவது அரசின் மின் பகிர்மானக் கழகம். பஞ்சு அரைவை ஆலை, நூற்பாலை போன்றவற்றின் நிலை வேறு. அவை உயரழுத்த இணைப்பு பெற்றவை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், தகுதியுடைய நுகர்வோர் பிறரிடமிருந்து மின்சாரம் வாங்கி, பகிர்மானக் கழகத்தின் கம்பி வழியாகவே கொண்டுவர இடந்தந்தது. 2022ஆம் ஆண்டின் பசுமை மின்சார விதிகள் இதற்கான அளவை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. காற்று வீசும் தேனி மாவட்டத்தில் காற்றாலைகளைக் காண்பவர்க்கு இதன் கவர்ச்சி எளிதில் விளங்கும்.

இவற்றுள் பெரிதும் வழங்குவது ‘குரூப் காப்டிவ்’ எனப்படும் கூட்டு முறை. ஆலை முதலாளிகள் பலர் சேர்ந்து ஒரு மின் உற்பத்தி நிறுவனத்தில் பங்கு வாங்குகின்றனர். 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் கையில் உரிமைப் பங்கு 26 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே உபயோகித்தலும் வேண்டும். அவ்வாறாயின் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் இல்லை. நிபந்தனை தவறினால், அவ்வாண்டு மின்சாரம் முழுவதும் பிறர்க்கு விற்றதாகவே கொள்ளப்பட்டுக் கூடுதல் கட்டணம் வந்து சேரும். ஒருவர் நடுவில் விலகினால் மற்றவர்களும் பாதிக்கப்படலாம். உற்பத்தியாளர் நீண்ட காலக் கட்டுப்பாடும் விலகல் தொகையும் விதிப்பதன் காரணம் இதுவே.

இனித் தரகரின் கூலிக்கு வருவோம். ஓர் ஆலை மாதம் ஒரு லட்சம் யூனிட் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்குப் பத்துப் பைசா தரகாக விலைக்குள் மறைந்திருக்கிறது. பத்துப் பைசா அற்பமாகத் தோன்றும். மாதத்துக்கு அது 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பத்தாண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய். பிரிட்டனில் இத்தொல்லை முற்றியதால், மிகச் சிறு வியாபாரிகளின் மின் ஒப்பந்தத்தில் தரகுத் தொகையைக் காட்டியே ஆக வேண்டும் என்று 2022இல் அந்நாட்டு ஒழுங்காணையம் விதித்தது.

விடுபட விரும்புவோர் முதற்கண் எல்லாத் தாள்களையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். பங்கு வாங்கிய உடன்படிக்கை ஒன்று. மின்சாரம் வாங்கும் உடன்படிக்கை ஒன்று. தரகருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம் ஒன்று. இம்மூன்றும் வெவ்வேறானவை. தரகருக்குக் கொடுத்த அதிகாரத்தை ரத்துச் செய்வதனால் மட்டும் மின்சார ஒப்பந்தம் முடிந்துவிடாது. நாம் அதிகாரமளித்த பிரதிநிதி, அவ்வதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்த ஒப்பந்தம், நாமே செய்ததற்கு ஒப்பாகும்.

அடுத்து, தரகர் யாருடைய ஆள் என்று பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கே நமக்குத் துணை செய்கிறது. அவர் உற்பத்தியாளரின் பிரதிநிதியாக வந்து தம் வேலையின் போக்கில் பொய் கூறியிருப்பின், 238ஆம் பிரிவின்படி அது உற்பத்தியாளரே கூறியதற்குச் சமம். அப்பொய்யை நம்பியே சம்மதித்தோம் என்று காட்டினால், 19ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளும் உரிமை பிறக்கும். அவர் நம்முடைய பிரதிநிதியாக இருந்துகொண்டே, நமக்குத் தெரியாமல் தம் சொந்தக் கணக்கில் இலாபம் தேடியிருப்பின், அந்த இலாபத்தைக் கேட்டுப் பெற 216ஆம் பிரிவு இடந்தருகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சாதாரணக் கவனத்துடன் படித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய செய்தியைத் ‘தவறாகச் சொன்னார்’ என்று பின்னர் முறையிடுவது பெரும்பாலும் பயன் தராது. உண்மை தெரிந்த பின்னும் பல மாதம் மின்சாரத்தை ஏற்றுக்கொண்டு, வாயடைத்திருந்தாலும் உரிமை தேய்ந்துபோம். ஒப்பந்தத்தை நீக்கக் கோரும் வழக்குக்கு, ஆதாரமான செய்தி தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டே காலவரை. ஆகவே ஐயம் எழுந்த உடனே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து விரைவுத் தபாலில் அனுப்புவது நலம்.

பொய் ஒன்றும் இல்லை, பேரம்தான் நஷ்டமாயிற்று என்றால் வழி வேறு. விலகும் பிரிவைப் பாருங்கள். எத்தனை மாத அறிவிப்பு, பங்கை யாருக்கு எவ்விலையில் மாற்றலாம், தமக்குப் பதில் வேறோர் ஆலையை அமர்த்தலாமா என்பவற்றை அது சொல்லும். பதில் ஆளைத் தருவதே பல வேளைகளில் மிகக் குறைந்த செலவுள்ள வழி. உற்பத்தியாளரின் 51 விழுக்காடும் காக்கப்படும். பெருந்தொகை அபராதமாக எழுதப்பட்டிருந்தாலும் மனம் தளர வேண்டா. 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்ச வரம்பே. அதற்குள் நியாயமான நட்டஈடு எவ்வளவோ அதுவே தரத்தக்கது. வழக்கு எங்கே, நீதிமன்றத்திலா மத்தியஸ்தரிடமா என்பதையும் முன்னரே அறிந்துகொள்க. நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பியிருத்தல் கூடாது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்குடன் வாங்குவோரைப் பொதுவாக விலக்கி, சுயதொழிலால் பிழைப்போருக்கே இடம் விட்டிருக்கிறது.

விலகினால் ஆலை இருண்டுவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அது வேண்டாத அச்சம். இம்முறையில் சேர்ந்த ஆலை பகிர்மானக் கழகத்தின் வாடிக்கையாளராகவே நீடிக்கிறது. வெளியிலிருந்து வரும் யூனிட்டுகள் அதன் பில்லில் கழிக்கப்படுகின்றன. அவை நின்றால் கழிவு நிற்கும். கம்பியில் மின்சாரம் நில்லாது. ஆனால் விலகும் நாளை மின் பகிர்மான வட்ட அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்து, பில்லில் மாற்றம் ஏற்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேவாரத்தில் வீடும், மலைமேல் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டமும் உடையவர் மற்றொன்றையும் நினைவிற் கொள்வாராக: மேலே நடப்பது கேரள மாநில ஒழுங்காணையத்தின் விதி, கீழே நடப்பது தமிழ்நாட்டு ஆணையத்தின் விதி.

ஏலக்காய் விற்கும்போது எடையையும் விலையையும் தரகையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கும் நாம், மின்சாரம் வாங்கும்போதும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும்: உமக்குக் கூலி தருபவர் யார்? அது எவ்வளவு? விலக நேர்ந்தால் நான் தரவேண்டியது என்ன? இவற்றுக்கு எழுத்தில் விடை தர மறுப்பவரின் தாளில் கையெழுத்திட வேண்டா.