குரலை மாற்றும் ஒரு சிறு மின்தேக்கி

லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் ஓர் இசைக்கருவிக் கடை நடத்திவந்தார். அவர் டிரம்ஸ் கலைஞர். டிரம்ஸ் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும்கூட. கனத்த, முரட்டு ஒலி தரும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கடைக்கு வந்துபோன இளம் கிட்டார் கலைஞர்கள் அவரிடம் கேட்டபடி இருந்தார்கள். அமெரிக்காவின் ஃபெண்டர் ஆம்ப்கள் இருந்தன, விலைதான் எட்டவில்லை. 1962-இல், கடையில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளைஞரும் ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ மின்சுற்றை அடிப்படையாக வைத்து ஓர் ஆம்ப் கட்டினார்கள். ‘ஜேடிஎம்45’ பிறந்தது அப்படித்தான்.

இரண்டின் சுற்று வரைபடங்களையும் அருகருகே வைத்தால் வேறுபாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒலியோ வேறு. பாஸ்மேனின் முதல் வால்வு 12ஏஒய்7. மார்ஷலில் அந்த இடத்தில் இரு மடங்குக்கும் மேல் பெருக்கத் திறன் கொண்ட ஈசிசி83. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியும் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும். மார்ஷலில் முழுக்க அடைத்த பெட்டியும் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களும். மின்மாற்றிகள் பிரிட்டனில் கிடைத்தவை. 1966-இல் எரிக் கிளாப்டன் ஜான் மேயால் குழுவுடன் பதிவுசெய்த இசைத்தட்டில் இந்தச் சுற்றின் உறுமலைக் கேட்ட பிறகு, ராக் கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே மாறிப்போனது.

மின்சார கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்துதான் ஒரு வாத்தியம். அதில் பாதியான ஆம்ப்பின் குரலைத் தீர்மானிப்பவை விரல்நுனி அளவேயுள்ள சில பாகங்கள். அவற்றை மாற்றுவது மாயவித்தை அல்ல. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரிந்தவருக்கே காதும் சரியாக வழிகாட்டும்.

வால்வுக்குள் என்ன நடக்கிறது?

பழைய வால்வு ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தச் செம்மஞ்சள் ஒளி நினைவிருக்கும். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலின் நடுவே சூடாகும் கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழும். சுற்றியிருக்கும் பிளேட்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்னழுத்தம் இருப்பதால் அவை அதை நோக்கிப் பாயும். இரண்டுக்கும் இடையில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று நிற்கிறது. அதற்கு கிரிட் என்று பெயர். ஏரி மதகின் பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் பெருநீரோட்டம் கூடிக் குறைவதுபோல, கிரிட்டுக்கு வரும் சிறு மின்னழுத்தம் பிளேட்டுக்குப் போகும் ஓட்டத்தை ஆட்டிவைக்கிறது. கிட்டாரின் பிக்கப் தருவது ஒரு வோல்ட்டின் சில பத்தில் ஒரு பங்குதான். அது பல மடங்கு பெருகி வெளியே வருகிறது.

கிட்டார் ஆம்ப்களில் அதிகம் புழங்குவது 12ஏஎக்ஸ்7. ஈசிசி83 என்பது இதன் ஐரோப்பியப் பெயர். ஒரே கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு தனித்தனிப் பெருக்கிகள் இதில் இருக்கின்றன. வழக்கமான சுற்றில் பிளேட்டுக்கு 100 கிலோ ஓம் மின்தடையும், கேத்தோடுக்கு 1.5 கிலோ ஓம் மின்தடையும் இருக்கும். ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் ஓடும்போது கேத்தோடு 1.5 வோல்ட் உயரத்தில் நிற்கும். கிரிட் பூஜ்யத்தில் இருப்பதால், கேத்தோடோடு ஒப்பிட்டால் அது 1.5 வோல்ட் தாழ்வு. இந்தத் தாழ்வுக்கு பயாஸ் என்று பெயர். சிக்னல் ஏறி இறங்கி ஆடுவதற்கான இடத்தை இதுதான் ஒதுக்கிக் கொடுக்கிறது.

ஒரு மின்தேக்கி, இரண்டு குரல்கள்

ஆம்ப்பை மாற்றியமைக்கும் கலையைக் கற்க ஏற்ற ஆம்ப், 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் சாம்ப். ஒரு 12ஏஎக்ஸ்7, வெளியீட்டு வால்வாக ஒரு 6வி6, ஒரு ரெக்டிஃபயர் வால்வு, ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5 வாட். அவ்வளவுதான். உள்ளே கறுப்பு நார் அட்டையில் பித்தளைக் கண்களைப் பதித்து, பாகங்களின் கால்களை அவற்றில் செருகி ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். எந்த மின்தடை எந்தக் காலிலிருந்து எங்கே போகிறது என்பதை விரலால் தொடர்ந்து சொல்லிவிடலாம். வால்வு ஆம்ப்பை மாற்றியமைப்பது இவ்வளவு பரவலானதற்கு இந்த வெளிப்படைத்தன்மை முக்கியக் காரணம்.

சாம்ப்பின் முதல் பெருக்க நிலையில் 1.5 கிலோ ஓம் கேத்தோடு மின்தடை தனியாக நிற்கிறது. சிக்னல் வந்து ஓட்டம் கூடும்போது கேத்தோடின் மின்னழுத்தமும் கூடவே உயர்கிறது. அந்த உயர்வு, வந்த சிக்னலுக்கே எதிராக வேலை செய்து பெருக்கத்தைச் சுமார் 30 மடங்கில் நிறுத்திவிடுகிறது. அந்த மின்தடைக்குக் குறுக்கே 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, நேர்முனை கேத்தோடு பக்கம் இருக்கும்படி, பற்றவைத்தால் கேத்தோடு ஆடாமல் நிற்கும். பெருக்கம் ஏறத்தாழ 60 மடங்காகிவிடும். இரண்டே பற்றுகளில் ஆம்ப் முன்னால் வந்து பேசத் தொடங்கிவிடும்.

இனி மின்தேக்கியின் மதிப்பை மாற்றிப் பார்க்கலாம். கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 25 மைக்ரோஃபாரட் அதற்கும் மிகக் கீழிருந்தே எல்லாவற்றையும் ஒருபோல் உயர்த்தும். அதற்குப் பதில் 0.68 மைக்ரோஃபாரட் போட்டால், சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய உதவி கிடைக்காது. அதற்கு மேலே போகப் போகத்தான் பெருக்கம் ஏறும். தடித்த கம்பிகளின் கனம் குறையும், நடுக்குரல் முன்னுக்கு வரும். மின்தடை அதே, வால்வு அதே; மாறியது மின்தேக்கி மட்டுமே.

கனத்தை ஏன் குறைக்க வேண்டும்?

விடை சிதைவில் இருக்கிறது. கிட்டாரிலிருந்து 0.1 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 மடங்கு பெருகினால் 6 வோல்ட். வால்யூம் முழுதாகத் திறந்திருந்தால் அது அப்படியே இரண்டாம் நிலைக்குப் போகும். அங்கே மேல்நோக்கி ஆட இருப்பதோ 1.5 வோல்ட் இடம். அலையின் முகடு அதற்கு மேல் ஏற முடியாமல் தட்டையாகிறது. அடிப்பக்கமும் ஓர் எல்லையில் வெட்டுப்படுகிறது, ஆனால் அதே அளவில் அல்ல. இந்தச் சமச்சீரின்மை கிட்டாரில் இல்லாத மேல்சுரங்களைப் பிறப்பிக்கிறது. ராக் கிட்டாரின் கரகரப்பு இதுதான். பொறியாளருக்குப் பிழை, கிட்டார் கலைஞருக்கு அதுவே சுரத்தின் செழுமை.

தாழ்சுரங்களின் அலைகள் பெரியவை. அவை முதலில் வெட்டுப்பட்டால் எல்லாச் சுரமும் அவற்றோடு குழைந்து சேறாகிவிடும். ஆகவே சிதைவுக்கு முன்பே கனத்தைக் குறைக்க வேண்டும். மார்ஷல் 1960களின் பிற்பகுதியில் பிரகாசமான சேனலின் கேத்தோடில் 2.7 கிலோ ஓமும் 0.68 மைக்ரோஃபாரடும் வைத்தது இந்தத் தர்க்கத்தில்தான் பொருள்படும்.

பெருக்க நிலைகளைத் தொடராக அடுக்குவது அடுத்த படி. கலிஃபோர்னியாவில் ரேண்டால் ஸ்மித் சிறிய ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்ப்களுக்குள் பெரிய மின்மாற்றியும் 12 அங்குல ஸ்பீக்கரும் பொருத்தி விற்றார். பிறகு வெளியீட்டு வால்வுகளுக்கு முந்திய பகுதியான முன்நிலையில் கூடுதல் பெருக்க நிலை ஒன்றைச் சேர்த்தார். மெசா பூகி நிறுவனம் வளர்ந்த வழி இது. மார்ஷலின் 1975-ஆம் ஆண்டு 2203 மாதிரியில் மாஸ்டர் வால்யூம் வந்தது. முன்நிலையை முழுதாகச் சிதையவிட்டு, மொத்த ஓசையைத் தனியாகக் குறைத்துக்கொள்ள அது வழி செய்தது.

சிதைவைக் கூட்ட இன்னோர் எளிய வழியும் உண்டு. பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் 1927-இல் கண்டறிந்த எதிர்ப் பின்னூட்டம், வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்துகிறது. சாம்ப்பில் அந்த வேலையை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து வரும் 22 கிலோ ஓம் மின்தடை செய்கிறது. அதன் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டால் ஒலி கூடும், முரடாகும், விரலின் அழுத்தத்துக்குச் சட்டென்று பதில் சொல்லும். மாறாக, தெளிவான ஒலிதான் வேண்டும் என்பவர் சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். 12ஏஎக்ஸ்7-ஐப் பிடுங்கிவிட்டு அதே சாக்கெட்டில் 12ஏஒய்7-ஐச் செருகினால் போதும். முன்னதன் பெருக்கக் காரணி 100, பின்னதன் காரணி 44. வெளியீட்டு வால்வுகளை இப்படி மாற்றிவிட முடியாது. ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகையைப் போட்டால் பயாஸையும் திரும்ப அமைத்தாக வேண்டும்.

உயிர் முதலில்

வால்வு ஆம்ப்பின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் மின்தேக்கிகள் அதைத் தேக்கிவைத்திருக்கும்; அது ஆளைக் கொல்லக்கூடியது. அதிக வாட் மின்தடை ஒன்றை நன்கு காப்பிட்ட கம்பியில் கோத்து, அதன் வழியாக அந்த மின்தேக்கிகளை வடியவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே கை உள்ளே போகலாம். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகக்கூடும்.

பழைய அமெரிக்க ஆம்ப்களில் இரண்டு முள் பிளக்கும், மின்இணைப்பிலிருந்து சேசிஸுக்கு ஒரு மின்தேக்கியும் இருக்கும். அது பழுதானால் மின்சாரம் சேசிஸ் வழியே கிட்டார் கம்பிக்கும், அங்கிருந்து வாசிப்பவர் கைக்கும் வரும். அந்த மின்தேக்கியை நீக்கி, எர்த்துடன் மூன்று முள் வயர் போடுவதே இத்தகைய ஆம்ப்பில் செய்ய வேண்டிய முதல் மாற்றம். 110–120 வோல்ட்டுக்கு வடிவமைத்த ஆம்ப்பை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவும் கூடாது. உயர் மின்னழுத்தப் பழக்கம் இல்லாதவர், அனுபவமுள்ள பழுதுநீக்குநர் அருகில் இருக்கும்போது மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்றால் எது நன்றாக்கியது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே கிட்டாரில், அதே ஓசை அளவில், அதே வரியை வாசித்துக் கேளுங்கள். ஓசை சற்றுக் கூடினாலே காது அதை மேம்பாடு என்று எடுத்துக்கொள்ளும் என்பதால் அளவைச் சமப்படுத்துவது அவசியம். கழற்றிய அசல் பாகங்களை ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். எந்த இடத்தில் எந்த மதிப்பு, எந்தத் தேதியில் மாறியது என்று எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். இந்த ஆம்ப்கள் பல கைகள் மாறி, பல பத்தாண்டுகள் வாழ்கின்றன. அடுத்துத் திறப்பவர் உங்கள் மாற்றத்தைப் புரிந்துகொண்டு தொடரவும், வேண்டாமென்றால் பழைய குரலுக்கே திரும்பவும் அந்தக் குறிப்பு இருந்தால்தான் முடியும்.