வகையும் மதிப்பும்



பள்ளிப் பதிவேட்டில் 'வயது' எனும் கட்டத்தில் எண்ணையே எழுத வேண்டும் என்பது விதி. அவ்விதியே 'வகை'. அங்கு நாம் எழுதும் 9 என்பது 'மதிப்பு'.

பாஸ்கல், ஏடா முதலிய கணினி மொழிகளில் ஒவ்வொரு கட்டத்தின் வகையையும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். எண் கட்டத்தில் பெயரை எழுதினால், நிரல் இயங்குமுன்னரே கணினி அதனைத் தடுத்துவிடும். ஆனால், 9க்குப் பதிலாக 90 என எழுதினால் தடுக்காது. வகை சரி, மதிப்போ பிழை!

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 4.6.1996 அன்று ஏரியன் 5 எனும் ஐரோப்பிய ஏவுகலம் பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்டது. ஏடா மொழியில் எழுதப்பட்ட அதன் நிரல், 64 பிட் தசம எண்ணொன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. அம்முழு எண் வகை 32,767க்கு மேல் கொள்ளாது. முந்திய ஏரியன் 4ஐவிடக் கிடைவேகம் மிகுந்திருந்தமையால், மதிப்பு அவ்வெல்லையைக் கடந்தது. வழிகாட்டுங் கருவிகள் செயலிழந்தன. ஏறத்தாழ 40 வினாடிகளில் ஏவுகலம் நான்கு செயற்கைக்கோள்களுடன் சிதறியது.

எனவே, மாணவர்களே! வகையைக் கணினி காக்கும்; மதிப்பின் எல்லையை நாமே எண்ணிப் பார்த்து வகுத்தல் வேண்டும்.