குரலுக்கு முன் செல்லும் எண்

இருளில் வருவோனை நோக்கி 'யார் அது?' என்று வினவுதல் உலக வழக்கு. வானொலி வழியே உரையாடுவோர்க்கு அவ்வினா என்றும் உண்டு. ஒரே அலைவரிசையிற் பலர் பேசுவர்; முகம் தெரியாது; இரைச்சலினூடே குரலும் திரிந்து ஒலிக்கும். ஆகவே, பேசுவோன் தன்னை அறிவித்தல் வானொலியின் முதல் ஒழுக்கமாயிற்று.

கம்பியில்லாத் தந்திக் காலத்தில் அழைப்புக்குறி எனும் எழுத்துத் தொடரே அவ்வறிவிப்பாக அமைந்தது. 1912 ஏப்பிரலிற் பனிப்பாறையில் மோதிய 'டைற்றானிக்' கப்பல், 'எம்.ஜி.வை.' என்னும் தன் குறியோடு உதவி கோரியது. இலங்கையின் தன்னார்வ வானொலியாளர் இன்றும் '4 எஸ் 7' எனத் தொடங்கும் குறிகளைக் கூறியே பேசுகின்றனர். ஆயினும், பதற்றமுற்றவன் தன் குறியைக் கூற மறத்தலும், கேட்பவன் அதனைப் பிழைபடக் கேட்டலும் இயல்பு. இக்குறையை நீக்குதற்கு, கருவியே தன் எண்ணை அனுப்பும் முறைகள் தோன்றின.

அனலொக் எனப்படும் ஒப்புமை வானொலி ஒலியைச் சுமக்கவே அமைந்தது. எனவே எண்ணையும் ஒலியாக்குதல் வேண்டும். மோட்டரோலா நிறுவனத்தின் 'எம்.டி.சி. 1200' முறையை நோக்குக. இதில் ஒன்று அல்லது பூச்சியம் என்னும் இரு நிலைகளை உணர்த்தும் துணுக்குகள் செக்கனுக்கு 1200 செல்கின்றன. ஒரு துணுக்கின் காலத்துள் முழு அலையொன்று எழுந்தால் அது செக்கனுக்கு 1200 அதிர்வுடைய ஒலி. ஒன்றரை அலை எழுந்தால் 1800 அதிர்வுடைய ஒலி. நம் செவிக்கு அது வெறுங் கீச்சொலி. வாங்கியிற் பொருத்திய பகுப்பானுக்கோ நான்கு இடங்கொண்ட ஓர் அடையாள எண். பேசும் பொத்தானை அழுத்தும்போதோ விடும்போதோ கைக்கருவி இதனைத் தானே அனுப்பிவிடும்.

இம்முறையின் உறவுமுறை ஒன்று நம் கொழும்புக் கடலிலேயே உயிர்காக்கும் பணி புரிகின்றது. மாலையில் வெள்ளவத்தைக் கரையில் நிற்போர், தொலைவிற் கப்பல்களின் விளக்குகளைக் காண்பர். கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்தை நோக்கி வரும் அக்கப்பல்கள் 16ஆம் அலைவரிசையிற் குரலால் அழைக்கின்றன. 70ஆம் அலைவரிசையாகிய 156.525 மெகாஹேட்ஸில் எண்ணால் அழைக்கின்றன. 1999 பெப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் இடர்காப்பு ஏற்பாட்டின் ஓர் உறுப்பு இது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்பது இலக்க எண் உண்டு. இலங்கைக் கப்பலின் எண் 417 எனத் தொடங்கும். இந்தியக் கப்பலின் எண் 419 எனத் தொடங்கும்.

இடருற்ற மாலுமி, மூடியிட்ட செந்நிறப் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்தினாற் போதும். 1300, 2100 அதிர்வுகளையுடைய ஈரொலிகளால் எண்ணும், இடரின் தன்மையும், செய்மதி இடங்காட்டியோடு இணைத்திருப்பின் கப்பல் நிற்குமிடமும் நேரமும் விரைந்து செல்லும். ஒவ்வொரு குறியிலும் ஏழு துணுக்குகள் செய்தி. எஞ்சிய மூன்று, அவ்வேழிலுள்ள பூச்சியங்களின் தொகை. தொகை பொருந்தாவிடிற் பிழை வெளிப்படும். அன்றியும் ஒவ்வொரு குறியும் சிறிது இடைவெளிவிட்டு இருமுறை அனுப்பப்படும். ஒன்று சிதைந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இங்ஙனம் பகுத்தறிந்த எண்ணைக் குறிப்பேட்டிற் பதிதல் அடுத்த கடமை. நேரம், அலைவரிசை, எண், இடம், மறுமொழி தந்தவர் ஆகியன அதிற் பதியப்படல் வேண்டும். நேரம் உலகப் பொதுநேரமாயின், கொழும்பின் அதிகாலை 3 மணி முந்திய நாள் இரவு 9.30 ஆகும். இதனை மறந்தெழுதிய குறிப்பு, தேடுவோரை ஐந்தரை மணி பிழைக்கச் செய்யும். அதற்குள் நீரோட்டம் படகை நெடுந்தூரம் கொண்டு சென்றுவிடும்.

அன்பர்கள் இங்கு ஒன்றை மனங்கொளல் வேண்டும். எண் கருவியை மட்டுமே சுட்டும். அதனை ஏந்திய மனிதனைச் சுட்டாது. கைக்கருவி கைமாறலாம், ஒப்புமை முறையிற் பிறர் எண்ணைப் போலி செய்தலும் அரிதன்று. ஆதலால், எண்ணொன்றையே சான்றாகக் கொண்டு ஒருவரைக் குற்றஞ் சாட்டுதல் நீதியாகாது. வேலைத்தலங்களில் எந்தக் கருவி எந்த வேளையில் எவர் கையில் இருந்தது என்னும் பதிவேடும் உடனிருந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

கடலில் இவ்வுண்மை உயிரோடு பிணைந்தது. விற்கப்பட்ட படகொன்றின் எண் பழைய உரிமையாளர் பெயரிலேயே பதிவிலிருந்தால், இடர்க்குரல் எழும் இரவில் மீட்போர் தொலைபேசியில் அழைப்பது கரையில் உறங்கும் ஒருவரையே. படகில் எத்தனை பேர் சென்றனர், எப்போது புறப்பட்டனர் என்று அவரால் எங்ஙனம் கூறவியலும்? படகை வாங்குவோர் இயந்திரத்தைச் சோதிக்கும் அதே கவனத்தோடு வானொலி எண்ணின் பதிவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வாராக. கருவி தன் பெயரை எத்துணைத் தெளிவாகக் கூவினாலும், அப்பெயருக்குரியார் எவரென மனிதர் எழுதிவைத்திருந்தாலன்றிப் பயனில்லை.