ஓப்பன்டோஃபு 1.7 பதிப்பின் புதிய வசதிகள்

ஓப்பன்டோஃபு என்பது வழங்கி, பிணையம், தரவுத்தளம் போன்ற கணினி உட்கட்டமைப்பை நிரலாக எழுதி உருவாக்கவும் பராமரிக்கவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஆகும். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தனது டெராஃபார்ம் கருவியைக் கட்டற்ற உரிமத்திலிருந்து பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. அதை ஏற்காதவர்கள் பழைய மூலநிரலைக் கொண்டு, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இதை வளர்த்தனர். 2024 சனவரியில் வந்த 1.6 பதிப்பு பெரும்பாலும் டெராஃபார்மைப் போலவே இருந்தது. 2024 ஏப்ரல் 30 அன்று வெளியான 1.7 பதிப்பில்தான் தனிப்பாதை தெரியத் தொடங்கியது.

இதன் முக்கிய வசதிகள் நிலைக்கோப்பைச் சார்ந்தவை. எந்த நிரல்வரி எந்த உண்மையான வளத்தைக் குறிக்கிறது என்று கருவி எழுதிவைக்கும் பதிவேடே நிலைக்கோப்பு. தரவுத்தளக் கடவுச்சொல்லை 'சென்சிட்டிவ்' என்று குறித்தால் திரையில் மறையும். ஆனால் நிலைக்கோப்பில் அப்படியே எழுத்தாக இருக்கும். கோப்பு யார் கையில் கிடைத்தாலும் கடவுச்சொல்லும் கிடைத்துவிடும்.

1.7 இக்கோப்பையும் திட்டக்கோப்பையும் மறையாக்கம் செய்கிறது. திறவுகோலை ஒரு கடவுத்தொடரிலிருந்து உருவாக்கலாம். அமேசான், கூகுள் ஆகியவற்றின் திறவுகோல் மேலாண்மைச் சேவைகளிலிருந்தும் பெறலாம். ஏற்கெனவே மறையாக்கம் இல்லாமல் இருக்கும் கோப்பைப் படிக்க 'ஃபால்பேக்' அமைப்பு உண்டு. அடுத்த முறை எழுதும்போது அது மறையாக்கப்பட்டுவிடும். திறவுகோல் தொலைந்தால் பதிவேட்டையும் திறக்க முடியாது. கற்றுக்கொள்பவர்கள் இதை முதலில் சோதனைத் திட்டத்தில் செய்து பார்ப்பதே நல்லது.

அடுத்தது 'ரிமூவ்டு' தொகுதி. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கல்வராயன் மலை ஊர்கள் ஒரு மாவட்டக் கணக்கிலிருந்து நீங்கி இன்னொன்றில் சேர்ந்தன, மலை நகரவில்லை. பெரிய நிரல்திட்டம் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும்போதும் இதுவே தேவை. ஆனால் நிரலில் தரவுத்தளத்துக்கான வரிகளை மட்டும் நீக்கினால், 'பதிவேட்டில் இருக்கிறது, நிரலில் இல்லை' என்று கணித்து, கருவி தரவுத்தளத்தையே அழிக்க முற்படும். மலையை இடிப்பது போலத்தான்!

'ரிமூவ்டு' தொகுதி எழுதினால் பதிவு மட்டும் நீங்கும், வளம் அப்படியே இருக்கும். முன்பு இதற்குத் தனிக் கட்டளை இருந்தது. ஆனால் அது உடனே செயல்பட்டுவிடும். தொகுதியோ நிரலிலேயே இருப்பதால், என்ன நடக்கப்போகிறது என்பதைச் செயல்படுத்தும் முன் திட்டத்தில் குழுவினர் பார்க்கலாம். பிறகு புதிய திட்டத்தில் 'இம்போர்ட்' தொகுதியால் அதே வளத்தைச் சேர்க்க வேண்டும். இந்தப் பதிப்பில் இம்போர்ட்டை மடக்கிலும் எழுதலாம் என்பதால், ஐம்பது வளங்களுக்கு ஐம்பது தொகுதிகள் வேண்டியதில்லை. சேர்த்த பின் மீண்டும் திட்டத்தை இயக்கும்போது 'மாற்றம் ஏதுமில்லை' என்று வந்தால் பிரிப்பு சரியாக முடிந்தது.

இவை தவிர, வழங்குநர் செருகுநிரல்கள் தமக்கான செயற்கூறுகளைத் தாமே தரும் வசதியும் 1.7 பதிப்பில் உள்ளது.